ஆலைத் தெருவின் இரு பக்கம்

நியாராஷ், 1949 அக்டோபர் 12

திருமதி செர்னாக் அம்ப்ரூஷ் அவர்களுக்கு,

அண்ணி என்று எழுதத்தான் கை போனது. ஊர்ச் செயலாளர் என்ற முறையில் எழுதுவதால் அதை அடித்துவிட்டேன்.

என் அலுவலகத்துக்கு எதிரிலேயே, நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே, நீங்கள் ஒரு மனுவை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்படுவது என்ன, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புத்தாண்டிலிருந்து புடாபெஸ்ட் நகரம் சுற்றியிருக்கும் ஊர்களையெல்லாம் விழுங்கிப் பெரிதாகப் போகிறது. மற்ற ஊர்களை அவர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். எங்களையும் விழுங்குங்கள் என்று தானாகப் போய்க் கேட்பது நியாராஷ் ஒன்றுதான். கேட்பது நீங்கள்.

நகரத்தோடு சேர்ந்தால் இந்த ஊருக்கு மன்றம் கிடையாது. வரி போடும் உரிமை கிடையாது. சாலைக் குழியில் இரண்டு கூடை சரளைக்கல் கொட்டவேண்டும் என்றாலும் டிராம் பிடித்துப் போய், நம் ஊர் எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஒருத்தன் முன்னால் தொப்பியைக் கழற்றி நிற்கவேண்டும். பதிலுக்கு நகரம் நமக்கு என்ன அனுப்பும் தெரியுமா? குப்பை அனுப்பும். செத்த குதிரைகளை அனுப்பும்.

நேற்று தபால்காரர் பாலிண்ட் என் மேஜைமுன் வந்து நெளிந்தார். "ஐயா, உங்க அண்ணியம்மா எங்க வீட்டுக்கும் வந்தாங்க. குழாயில தண்ணி வரும்னு சொன்னாங்களாம். என் பொண்டாட்டி உடனே கையெழுத்துப் போட்டுட்டா. நீங்க கோவிச்சுக்கக் கூடாது." ஊரில் மருந்துக்கடை ஒன்றுதான்; அது உங்களுடையது. காய்ச்சல் வந்தால் உங்களிடம் வந்து நிற்கவேண்டியவர்கள், நீங்கள் நீட்டிய காகிதத்தில் போடாமல் இருப்பார்களா?

எங்கள் குடும்பப் பெயரைச் சுமந்துகொண்டு எங்கள் ஊரை விற்காதீர்கள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

செர்னாக் கெதெயோன்
ஊர்ச் செயலாளர்


நியாராஷ், 1949 அக்டோபர் 14

கெதெயோன்,

தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத் தபால்தலை ஒட்டி எழுதுகிறாய். சரி, நானும் ஒட்டுகிறேன். உன் அண்ணனைப் புதைத்த அன்று, இனி உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று முடிவெடுத்தேன். அது மாறவில்லை.

எங்கள் குடும்பப் பெயர் என்கிறாய். அது என் கணவரின் பெயர். நாற்பத்தேழு பிப்ரவரியில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தார். நகரத்து ஆம்புலன்சுக்கு நான்தான் தொலைபேசியில் பேசினேன். அந்தப் பக்கம் ஒரு பெண். "நியாராஷா? அது எல்லைக்கு வெளியில இருக்கும்மா. உங்க ஊரோட ஒப்பந்தம் போன வருஷமே முடிஞ்சுபோச்சே. நீங்க எல்லைக்கல்லு வரைக்கும் கொண்டுவந்துடுங்க, வண்டி அங்க நிக்கும்." குடல்வால் வெடித்த மனிதரை, பனியில், குதிரைவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனோம். அவள் சொன்னபடி வண்டி நின்றது. அவர்தான் இல்லை.

ஒப்பந்தத்தை ஏன் புதுப்பிக்கவில்லை என்று கல்லறையிலேயே உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "மன்றம் அந்தப் பணத்துல தீயணைப்பு வண்டி வாங்கலாம்னு முடிவு பண்ணிச்சு அண்ணி. நான் எழுதுற வேலை பாக்குறவன்தானே." இன்றைக்கு உன் ஊர், உன் மன்றம், உன் சரளைக்கல். எழுதுகிற வேலை பார்த்தவனுக்கு ஊர் எப்போது சொந்தமாயிற்று?

எங்கள் தெருவில் இனி ஒருத்தி அந்தத் தொலைபேசியைக் காதில் வைத்து அந்தப் பதிலைக் கேட்கக் கூடாது. அதற்காக நகரம் செத்த குதிரையை அனுப்பினால் நானே குழிவெட்டிப் புதைக்கிறேன்.

ரயில்பாதைக்கு அப்பால் சில வீடுகள் மிச்சம் இருக்கின்றன. நாளைக்குப் போகிறேன். ஜன்னலில் நின்று பார்த்துக்கொள்.

ஒத்திலியா


நியாராஷ், 1950 ஜனவரி 9

அண்ணி,

இப்போது அப்படி எழுதலாம். இனி நான் எதற்கும் செயலாளர் இல்லை.

நேற்று நில அளவையாளர்கள் ஆலைத் தெருவின் நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு போனதை நீங்கள் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். உங்கள் மனுவுக்கு எதிராக நான் மாவட்டத் தலைநகருக்கு நான்கு முறை போய் வந்தது உங்களுக்குத் தெரியும். கடைசி முறை அந்த அதிகாரி அலுத்துப்போய்ச் சொன்னார்: "உங்க ஊர்ல பாதி பேர் வேணும்ங்கிறான், பாதி பேர் வேண்டாம்ங்கிறான். எங்களுக்கு வேற வேலை இல்லையா? ரெண்டா வெட்டிடுவோம்." பென்சிலை எடுத்தார், இழுத்தார். அவ்வளவுதான்.

தெருவுக்கு மேற்கே தேவாலயம், பள்ளி, ரயில் நிலையம், உங்கள் மருந்துக்கடை எல்லாம் புடாபெஸ்ட். கிழக்கே திராட்சைத் தோட்டங்களும் கல்லறையும் எங்கள் பரம்பரை வீடும் நியாராஷ். என் அலுவலகம் மேற்கே போய்விட்டது. அங்கே என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். "இந்த அலமாரியில என்ன இருக்கு?" என்றாள். "இந்த ஊரு" என்றேன். சிரித்தாள்.

உங்களுக்குக் குழாய் வரட்டும். ஆனால் ஒன்று. அம்ப்ரூஷ் எங்கள் பக்கம் கிடக்கிறார். பூ வைக்க வரும்போது அடுத்த ஊருக்கு வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு வாருங்கள்.

பாலிண்டின் வீடும் கிழக்கில்தான் விழுந்தது. அவர் மனைவி குழாய்க்காக வாளி வாங்கி வைத்திருந்தாளாம். அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் இனி நகரத்துத் தலைமைத் தபால் நிலையம் போய்ச் சுற்றித்தான் உங்களிடம் வருமாம். வாசலிலிருந்து எறிந்தால் உங்கள் படியில் விழும். எறியமாட்டேன்.

கெதெயோன்


புடாபெஸ்ட் (ஆலைத் தெரு மேற்கு), 1950 நவம்பர் 20

கெதெயோன்,

முகவரியைப் பார்த்தாயா? எழுதும்போதே நன்றாக இருக்கிறது.

எங்கள் தெருமுனையில் செப்டம்பரிலிருந்து குழாய் ஓடுகிறது. என் வீட்டுக்குள்ளும் இழுத்துக்கொண்டேன். குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, எதிர்வீட்டில் நீ கிணற்று ராட்டினத்தை இழுக்கிற சத்தத்தைக் கேட்கிறேன். அதற்கு எண்ணெய் போடு.

போன வியாழக்கிழமை உன் வீட்டுக்குத் தானிய வசூல்காரர்கள் வந்ததையும் பார்த்தேன். நகரத்துக்கு வெளியே இருப்பவன் விவசாயி, விவசாயி என்றால் கோதுமை அளக்கவேண்டும். வாழ்நாளில் பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத நீயும் திராட்சைத் தோட்டம் இருப்பதால் விவசாயி ஆகிவிட்டாய். பரணில் ஏறி விளக்குமாற்றால் கூட்டி அள்ளினார்கள். "மூலையில இருக்கிறது என்னய்யா?" என்று ஒருவன் கேட்டது தெருவெல்லாம் கேட்டது. "எலிப் புழுக்கை. அதையும் அளந்துக்குங்க" என்றாய். உன்னை இழுத்துக்கொண்டு போகாமல் விட்டது உன் அதிர்ஷ்டம். உன் சுதந்திரக் குடியரசு எப்படி இருக்கிறது?

உனக்குச் சந்தோஷம் தர ஒரு செய்தி: மருந்துக்கடையை ஜூலையில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. என் கடையிலேயே நான் சம்பளக்காரி. மாடியில் குடியிருக்க விட்டிருக்கிறார்கள். இருமல் மருந்து அதே இருமல் மருந்துதான்.

வாசலில் இருக்கிற பித்தளைப் பலகையைக் கழற்றச் சொல்லி பாலிண்டிடம் சொல்லியனுப்பினாயாம். "கேப்டன் செர்னாக் அம்ப்ரூஷ், இராணுவக் கால்நடை மருத்துவர்" என்று இருப்பது உனக்கு ஏன் உறுத்துகிறது? அவர் சுட்டது மனிதர்களை இல்லை, கால் ஒடிந்த குதிரைகளை. பலகை இருக்கும். சனிக்கிழமைதோறும் நான் அதைத் துலக்குவதையும் பார்த்துக்கொள்.

ஒத்திலியா


குன்தெலெக், 1951 ஜூலை 2

கெதெயோன்,

நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்; தெரியாததுபோல் நடிப்பாய். தீஸா ஆற்றுக்கு அப்பால், மரமே இல்லாத சமவெளி. கெர்கெலி என்ற விவசாயியின் வீட்டுப் பின்கட்டில் ஒரு பேராசிரியர் மனைவியோடும் அவள் மகளோடும் படுத்திருக்கிறேன். கெர்கெலியைப் பணக்கார விவசாயி என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதனால் எங்களை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். நல்ல மனிதர். முதல் நாள் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க என்ன குத்தம் பண்ணீங்க?" "புடாபெஸ்ட்ல குடியிருந்தோம்" என்றேன். "அதுக்கா?" என்றார். "அதுக்குத்தான்" என்றேன்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. போலீஸ்காரர் வந்து என் பலகையை வாய்விட்டுப் படித்தார். "கேப்டனோட விதவைதானே? நாளைக்கு விடிகாலையில லாரி வரும். கையில தூக்க முடிஞ்சத எடுத்துக்குங்க." உங்கள் பக்கத்துக் கர்னலை யாரும் தொடவில்லை. முழுக் கர்னல், மீசையோடு, தினமும் வாசலில் உலாத்துகிறவர். உத்தரவு நகரத்துக்கு மட்டுமாம். பழைய ஆட்களை நகரத்திலிருந்து சுத்தம் செய்கிறார்களாம். தெருவின் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் சுத்தம் செய்ய எதுவும் இல்லை.

சிரி. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய நகரம் இது. நீ சிரிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

ஆனால் லாரியில் என் பெட்டியை ஏற்றும்போது நீ உன் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தெருவைக் கடக்கவில்லை. ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. பாலிண்டின் மனைவி ஓடிவந்து ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் சுற்றிக் கொடுத்தாள். தபால்காரன் மனைவிக்கு இருந்தது என் கொழுந்தனுக்கு இல்லை.

ஊரில் எல்லோரும் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைக்கிறேன். என் பெயரைப் போய்க் கொடுத்தது நீ.

ஒத்திலியா


நியாராஷ், 1951 ஜூலை 19

அண்ணி,

நான் கொடுக்கவில்லை.

இதை ஒரு தடவைதான் எழுதுவேன். நான் உங்களைச் சபித்திருக்கிறேன். தேவாலயத்தில், உங்கள் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டே சபித்திருக்கிறேன். ஆனால் எவன் வாசலுக்கும் போய் யாருடைய பெயரையும் சொன்னதில்லை. உங்கள் பெயரைச் சொல்ல ஒருவன் எதற்கு? சனிக்கிழமைதோறும் நீங்களே துலக்கி வெயிலில் மின்னவிட்டீர்களே. கழற்றுங்கள் கழற்றுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். நான் சொன்னேன் என்பதற்காகவே விட்டுவைத்தீர்கள்.

தெருவைக் கடக்கவில்லை என்கிறீர்கள். கடந்திருந்தால் அந்தப் போலீஸ்காரனிடம் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கதவை எதற்குப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று நினைக்கிறீர்கள்?

விடுங்கள். உங்கள் வீட்டுக்கு மறுவாரமே ஆள் வந்துவிட்டது. ஏதோ அதிகாரியும் அவர் மனைவியும். குளியல் தொட்டியில் முயல் வளர்க்கிறார்கள். பலகையைக் கழற்றிவிட்டார்கள். அதை எறிந்த குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து வந்தேன். தருகிறேன் என்று சொல்லவில்லை. அண்ணனுடையது, எங்கள் வீட்டில் இருக்கும்.

இத்துடன் அண்ணனின் பழைய பூட்சு ஜோடி வருகிறது. பரிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செர்னாக் வீட்டுப் பெண் வெறுங்காலோடு வயலில் நிற்கிறாள் என்று யாரும் பேசக்கூடாது.

கெதெயோன்


குன்தெலெக், 1952 மார்ச் 3

கெதெயோன்,

பூட்சு பெரிது. செய்தித்தாளை உள்ளே திணித்துப் போட்டுக்கொள்கிறேன். தலைவர்களின் பேச்செல்லாம் என் காலடியில் இருக்கிறது என்று கெர்கெலி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

நீ பெயரைக் கொடுக்கவில்லை என்பதை நம்புகிறேன். உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. உனக்குப் பொய் சொல்ல வராது, முறைத்துக்கொள்ளத்தான் வரும். ஆனால் பலகையைப் பற்றி நீ எழுதியதை மன்னிக்கவில்லை, அது உண்மை என்பதால்.

குளிர்காலத்தில் இங்கே ஒரு பிரசவம். மருத்துவர் பக்கத்து ஊரில். பனியில் வண்டி வரவில்லை. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பிழைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து பீட்ரூட் வயலில் மேற்பார்வையாளன் என்னை "பாட்டிம்மா" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு "டாக்டரம்மா" என்கிறான். நான் டாக்டர் இல்லை என்று திருத்தவில்லை.

அம்ப்ரூஷுக்கு நான் வைத்த ஐவி கொடி கல்லை மூடிவிட்டதா? கத்தரிக்கத் தெரியாவிட்டால் தொடாதே.

ஒத்திலியா


குன்தெலெக், 1953 செப்டம்பர் 14

கெதெயோன்,

எங்களை விடுவித்துவிட்டார்கள். காகிதம் கையில் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம்; புடாபெஸ்டைத் தவிர. பேராசிரியர் மனைவி அந்த வரியைப் படித்துவிட்டு, "அப்ப எங்கதான் போறது? எனக்குத் தெரிஞ்ச கதவெல்லாம் அங்கதானே இருக்கு" என்று அழுதாள். அவர்கள் ஏதோ தூரத்து உறவினர் வீட்டுக்குப் போகிறார்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த கதவுகளில் நகரத்துக்கு வெளியே இருப்பது ஒன்றுதான். அது உன்னுடையது. எனக்கும் இது பிடிக்கவில்லை.

உதவி கேட்கவில்லை. அந்த வீடு உன் அப்பா இரண்டு மகன்களுக்கும் விட்டுப்போனது. அம்ப்ரூஷின் பங்கு எனக்கு வரும். தெருப்பக்க அறையை எடுத்துக்கொள்கிறேன். சமையல் தனியாக. உன்னோடு பேசுவதாக இல்லை. 24ஆம் தேதி மாலை ரயில். நிலையத்துக்கு வராதே, அது நகரத்தில் இருக்கிறது, உனக்குப் பிடிக்காது.

ஒத்திலியா


நியாராஷ், 1953 செப்டம்பர் 18

அண்ணி,

தெருப்பக்க அறையில் விதை உருளைக்கிழங்கு கிடக்கிறது. அள்ளிப் போட வேறு இடம் இல்லை; இருந்தாலும் அள்ளுகிறேன்.

ஒரு விஷயம் உங்கள் காதில் விழவேண்டும். இந்தக் கோட்டை இழுக்க வைத்தவன் நான். நான்கு முறை ரயிலேறி, அதிகாரி அலுத்துப்போகும்வரை உட்கார்ந்து இழுக்க வைத்தேன். முட்டாள் கெதெயோன், பிடிவாதக்காரன் கெதெயோன் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னீர்கள். இன்றைக்கு உங்களுக்குத் தலைசாய்க்க ஓர் அறை இருக்கிறதென்றால் அது அந்தக் கோட்டுக்குக் கிழக்கே இருப்பதால்தான். நன்றி சொல்ல வேண்டாம். சொல்லவும் மாட்டீர்கள்.

கதவு திறந்திருக்கும். நானும் பேசமாட்டேன்.

கெதெயோன்


சமையலறை மேஜைமேல், 1953 நவம்பர் 6

என் வாணலியில் மீன் பொரிக்காதே. நாற்றம் போகவில்லை.
ஒ.


சமையலறை மேஜைமேல், 1953 நவம்பர் 6

அது எங்கள் அம்மாவின் வாணலி.
கெ.


சமையலறை மேஜைமேல், 1954 மே 21

எதிர்வீட்டு அதிகாரியின் மனைவிக்கு, கொல்லையில் இருக்கிற ரோஜாவை எந்த மாதம் வெட்டவேண்டும் என்று நீங்கள் தெருவில் நின்று விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உங்கள் வீட்டில் குடியிருக்கிறவளுக்கு! வெட்கமாக இல்லையா?
கெ.


சமையலறை மேஜைமேல், 1954 மே 21

ரோஜா என்ன செய்தது?
ஒ.


சமையலறை மேஜைமேல், 1954 அக்டோபர் 30

இன்று பாலிண்டின் மனைவியைப் புதைத்தோம். நீ தொப்பியோடு பின்னால் நின்றாய், பார்த்தேன். டைபாய்டு என்பது எனக்கு முதல் வாரமே தெரியும். கிழக்குப் பக்கக் கிணறுகளில் பாதி கெட்டுப்போயிருக்கிறது. கொதிக்கவைக்காமல் ஒரு வாய் தண்ணீர் குடித்தாய் என்றால் உன்னோடு பேச ஆரம்பித்துவிடுவேன். எச்சரிக்கை.

அவள் வீட்டு வாசலிலிருந்து எதிர்ப்பக்கக் குழாயைக் கண்ணால் பார்க்கலாம்; நகரத்துக்காரர்களுக்கு மட்டும் என்பதால் வாளியோடு போகமுடியாது.
ஒ.


சமையலறை மேஜைமேல், 1955 பிப்ரவரி 10

கெதெயோன்,

நவம்பரில் உன்னை மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நாளைக்குக் கூட்டம். கிழக்குப் பக்கத்தையும் நகரத்தோடு சேர்க்கக் கேட்டு தீர்மானம் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பாலிண்ட் இன்று வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "அம்மா, உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். ஆனா நான் எப்படிம்மா வேண்டாம்னு சொல்லுவேன்?" சொல்லாதீர்கள் என்றேன்.

கோடு நகர்ந்தால் நான் இந்த வீட்டிலும் இருக்கமுடியாது. அது என் பாடு. நீ நாளைக்குக் கை தூக்கு.

ஒத்திலியா


சமையலறை மேஜைமேல், 1955 பிப்ரவரி 10

தூக்கமாட்டேன். இது கொள்கை. நியாராஷ் சுயமாக நிற்கவேண்டும் என்று நாற்பத்தொன்பதிலேயே சொன்னவன் நான். உங்களுக்காக என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.
கெ.


செக்லேட், 1955 பிப்ரவரி 20

கெதெயோன்,

தெருப்பக்க அறையைப் பெருக்கிவிட்டுத்தான் வந்தேன். சாவி வாணலிக்குள் இருக்கிறது.

உன் ஒரு கையால் தீர்மானம் தோற்றது. அன்று மாலை நம் ஜன்னலில் கல் விழுந்தது. மறுநாள் பாலிண்ட் தபாலை வேலிக்குமேல் எறிந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். ரொட்டிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "ஒரு கேப்டன் விதவைக்காக ஊரே சாக்கடைத் தண்ணி குடிக்கணுமாம்." அவள் சொன்னது சரி.

நீ கொள்கை என்று எழுதினாய். உனக்குப் பொய் சொல்ல வராது என்று முன்பு எழுதினேன். அதை இப்போது வாபஸ் வாங்குகிறேன். வரத்தான் வருகிறது, மோசமாக.

அன்றைக்கு ஒரு தீயணைப்பு வண்டிக்காக உன் மன்றம் அம்ப்ரூஷைக் கைவிட்டது. அதை உன்னால் எட்டு வருஷமாக விழுங்க முடியவில்லை. அதனால் இந்தத் தடவை எனக்காக ஊரைக் கைவிடுகிறாய். கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தாயா? பாலிண்டின் மனைவி எனக்கு லாரியில் ரொட்டி கொடுத்தவள். அவள் தெருவில் குழாய் வராமல் தடுத்துக்கொண்டு நான் உன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன் என்று எப்படி நினைத்தாய்? என்னை இவ்வளவு கேவலமாக யாரும் நினைத்ததில்லை. லாரியில் ஏற்றியவர்கள்கூட.

இங்கே அரசு மருந்துக்கடையில் ஆள் தேவைப்பட்டது. சேர்ந்துவிட்டேன். கடைக்குப் பின்னால் ஓர் அறை. இனி கிழக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு. மறுபடி வாக்கெடுப்பு வைக்கச் சொல்.

திரும்பி வரமாட்டேன். வா என்று எழுதாதே.

ஒத்திலியா


நியாராஷ், 1955 ஏப்ரல் 4

அண்ணி,

வா என்று எழுதவில்லை.

மூன்று வாரம் உங்கள்மேல் கோபத்தில் எதுவும் எழுதவில்லை. பிறகு எழுதுவதற்கு விஷயம் ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

நேற்று மறுபடி வாக்கெடுப்பு. வைக்கச் சொன்னது நானேதான். மன்றத் தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னய்யா, அண்ணி போயிட்டாங்கன்னதும் கொள்கையும் கூடவே போயிடுச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். நாற்பத்தொன்பதில் இப்படி ஒருவன் பேசியிருந்தால் நாற்காலியை எடுத்து அடித்திருப்பேன். எழுந்து நின்றேன். "ஆமா" என்றேன். "அதுதான் கொள்கை. கைய எண்ணுங்க." ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மேலிடத்து உத்தரவு வரவேண்டும், வந்துவிடும் என்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பள்ளம் தோண்டுவார்களாம். வெளியே வரும்போது பாலிண்ட் கைகொடுக்க வந்தார். என்னால் முடியவில்லை. அவர் தோளைத் தொட்டுவிட்டு நடந்துவிட்டேன்.

நீங்கள் தீயணைப்பு வண்டியைப் பற்றி எழுதியதைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் திட்டுதான் வருகிறது. எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் திட்டினால் எளிது என்று தோன்றுகிறது.

செக்லேடுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ரயில் இருக்கிறது. தோட்டத்து ஒயின் இரண்டு புட்டி கொண்டுவருகிறேன். நல்லெண்ணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வருஷம் புளித்துப்போயிருக்கிறது. பேசுவேன் என்று உறுதி தரவில்லை.

கெதெயோன்


செக்லேட், 1955 ஏப்ரல் 7

கெதெயோன்,

இந்த ஞாயிறு கடையில் என் முறை. காலையிலிருந்து கூட்டம் இருக்கும். கொல்லைப்புறமாக வந்து கதவைத் தட்டாதே. மற்றவர்களைப் போல முன்வாசல் வழியாக வந்து வரிசையில் நில். உன் முறை வந்ததும் எல்லோரிடமும் கேட்பதுபோல உன்னிடமும் "என்ன வேணும்?" என்று கேட்பேன். பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். சீக்கிரம் பதில் சொல்லவேண்டும்.

ஒத்திலியா